பின்னால் வருபவருக்கு ஒரு விளக்கு

பொதிகை மலைக்குப் பின்னே கதிரவன் மறைந்துவிட்டால், பொருநை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருள் நெடுநேரம் காத்திருப்பதில்லை. நிலநடுக்கோட்டிற்கு அருகில் அமைந்த நாடு நம்முடையது. மேலை நாடுகளில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும் அந்தி மயக்கம், இங்கே இருபது அல்லது இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழைமேகமும் சேர்ந்துகொண்டால், ஆறு மணிக்கே வயலும் வரப்பும் சாலையும் ஒரே நிறமாகிவிடும்.

அந்த வேளையில்தான் நம் சாலைகளில் மிதிவண்டிகள் மிகுதியாக நடமாடுகின்றன. பேட்டையிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாக விக்கிரமசிங்கபுரம் செல்லும் சாலையை மாலையில் பாருங்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் கொத்தனார், கேரியரில் புல்லுக்கட்டோடு வரும் உழவர், கடையடைத்து வரும் சிறு வணிகர், தனிவகுப்பு முடிந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் என ஒரு பெருங்கூட்டமே சாலையின் இடப்புற ஓரத்தில் ஊர்ந்து செல்கின்றது. விடியற்காலையிலோ பால்காரரும் செய்தித்தாள் போடும் இளைஞரும் கோழி கூவுமுன்னே புறப்பட்டு விடுகின்றனர். இவர்களது மிதிவண்டிகளில் பின்விளக்கு எரியும் வண்டி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கை விரல்களே போதும்.

“தெரு விளக்கு இருக்கின்றது, பழகிய பாதை, எனக்கு வழி நன்றாகத் தெரிகின்றதே; விளக்கு எதற்கு?” என்று கேட்பவர் பலர். இக்கேள்வியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. மிதிவண்டி விளக்கின் முதல் வேலை நமக்கு வழி காட்டுவது அன்று. நாம் இருக்கின்றோம் என்பதைப் பிறருக்குச் சொல்வதே அதன் முதல் வேலை. குறிப்பாக, நம் கண்ணுக்குத் தெரியாமல் நம் முதுகுக்குப் பின்னால் விரைந்து வருபவருக்கு அது சொல்ல வேண்டும்.

லாந்தரிலிருந்து டைனமோ வரை

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். இரவில் பயணம் செய்த மாட்டு வண்டிகளின் அச்சுக்குக் கீழே ஒரு லாந்தர் விளக்கு தொங்கிக்கொண்டிருக்கும். வண்டிக்காரரோ பல நேரங்களில் உறங்கிக்கொண்டிருப்பார். காளைகளுக்கும் அவ்விளக்கு பெரிதும் தேவைப்படவில்லை. எதிரே வருபவரும் பின்னே வருபவரும் அறிந்துகொள்வதற்கென்றே அந்தச் சிறு சுடர் ஆடி ஆடிச் சென்றது.

மிதிவண்டி நம் ஊர்களுக்கு வந்தபோது, முதலில் மண்ணெண்ணெய் விளக்குகளும், பின்னர் டைனமோவும் வந்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கப்பெற்ற பின்னர், மிதிவண்டி நடுத்தரக் குடும்பத்தின் உடைமையாயிற்று. டைனமோ என்பது பாட்டில் வடிவில் அமைந்த ஒரு சிறு மின்னாக்கி. அதன் தலை டயரின் பக்கத்தில் உரசிச் சுழலும்போது, உள்ளிருக்கும் காந்தமும் சுழன்று, கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகின்றது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த அதே தத்துவம் இது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் சுழலியைச் சுற்ற, 1944 முதல் மின்சாரம் பிறப்பதும் இதே தத்துவத்தால்தான். அங்கே ஆறு செய்யும் வேலையை இங்கே நம் கால்கள் செய்கின்றன.

அக்காலத்தில் விளக்கில்லாமல் மிதிவண்டி ஓட்டினால் காவலர் நிறுத்துவார், அபராதம் விதிப்பார், சில வேளை சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். முச்சந்தியில் காவலரின் தலையைக் கண்டதும் இறங்கி நடந்த கதைகளை இன்றும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஆயினும் அந்நாளைய டைனமோ விளக்கில் இரு குறைகள் இருந்தன. ஒன்று, வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். இரயில்வே கேட்டிலும் நாற்சந்தியிலும் நிற்கும்போது, விளக்கு மிகத் தேவைப்படும் அந்த நேரத்தில், மிதிவண்டி இருளில் மூழ்கிவிடும். மற்றொன்று, பெரும்பாலோர் முன்விளக்கை மட்டுமே பொருத்திக்கொண்டனர். பின்புறத்தைக் காத்தவை மட்கார்டின் கடைசியில் தீட்டப்பட்ட வெள்ளை வர்ணமும், ஒரு சிவப்புக் கண்ணாடி வில்லையும்தாம்.

நாளடைவில் காவலரின் சோதனை குறைந்தது. டைனமோவும் மெல்ல மெல்ல மறைந்தது. 2001-ஆம் ஆண்டு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவடைந்தது. பல ஏழைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் மேல்நிலைக் கல்வியை எட்டுவதற்கு அது பெருந்துணையாயிற்று. மிதிவண்டி இவ்வாறு வீடு வீடாக வந்து சேர்ந்தது. ஆனால் விளக்கு அதனோடு வந்து சேரவில்லை. இன்று கடைகளில் விற்கும் சாதாரண மிதிவண்டிகளில் பெரும்பாலானவை விளக்கின்றியே விற்கப்படுகின்றன.

இரண்டு நொடியா, பதின்மூன்று நொடியா?

இதற்கிடையே சாலைகள் மாறிவிட்டன. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று நாம் அறிந்திருந்த சாலை, இன்று 44-ஆம் எண் பெற்று, நான்கு வழிச்சாலையாகத் திருநெல்வேலியைத் தொட்டுச் செல்கின்றது. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையும் அவ்வாறே விரிந்துவிட்டது. ஒருகாலத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடிய பேருந்துகள் இன்று எண்பதில் ஓடுகின்றன. மிதிவண்டியோ நம் தாத்தா ஓட்டிய அதே வேகத்தில்தான் ஓடுகின்றது.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கின்றது. ஓட்டுநரின் கண் ஒரு பொருளைக் கண்டு, மனம் அதை இன்னதென்று உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க இரண்டு நொடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் வாகனம் 44 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பின்னரும், உலர்ந்த நல்ல சாலையில்கூட, நிற்பதற்கு மேலும் 35 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 80 மீட்டர். மழை நனைத்த சாலையில் இன்னும் அதிகம்.

ஆனால் தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில், கருநிற உடையணிந்து விளக்கின்றிச் செல்லும் ஒருவர், பெரும்பாலும் 30 அல்லது 40 மீட்டர் தொலைவுக்குள் வந்த பிறகுதான் புலப்படுகின்றார். எதிரே வரும் லாரியின் ஒளி ஓட்டுநரின் கண்ணில் அடித்துவிட்டால் அதுவும் இல்லை. அதாவது, ஓட்டுநர் மிதிவண்டியைக் காணும் நேரத்தில், அவர் நல்லவராயினும், குடிக்காதவராயினும், விழிப்பாயிருப்பவராயினும், வாகனத்தை நிறுத்தப் போதிய தொலைவு அவருக்கு எஞ்சியிருப்பதில்லை. அவரிடம் உள்ளவை இரண்டே நொடிகள். அதே மிதிவண்டியின் பின்புறம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால், நேரான சாலையில் 300 மீட்டர் தொலைவிலேயே அது தென்பட்டுவிடும். இரண்டு நொடி பதின்மூன்று நொடியாகின்றது. வேகத்தைக் குறைத்து, இடம் பார்த்து, ஒதுங்கிச் செல்ல அது தாராளமான நேரம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள். சாலையில் மோதும் இருவருள் இரும்புக் கூண்டுக்குள் இருப்பவர் பிழைக்கின்றார். திறந்த வெளியில் இருப்பவர் வீழ்கின்றார். மிதிவண்டியில் செல்பவர் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் ஒரே வருவாய்க்கு உரியவராகவோ, அக்குடும்பத்தின் எதிர்காலமான பிள்ளையாகவோ இருக்கின்றார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நாம் காண்பதாலேயே காணப்படுகின்றோமா?

இத்தனை ஆபத்து இருந்தும் மக்கள் ஏன் விளக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை? அறியாமையோ அலட்சியமோ மட்டும் காரணமல்ல. மனித மனத்திற்கே உரிய ஒரு மயக்கம் இதில் உள்ளது. இருளில் செல்லும் மிதிவண்டிக்காரருக்கு, தூரத்தில் வரும் லாரியின் விளக்குகள் பளிச்சென்று தெரிகின்றன. “அவன் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றானே, நானும் அவனுக்கு அவ்வாறே தெரிவேன்” என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கின்றது. ஒளியுள்ளவன் இருளில் உள்ளவனைக் காண்பதில்லை. இருளில் உள்ளவனே ஒளியுள்ளவனைக் காண்கின்றான் என்னும் எளிய உண்மை அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தனர். பொதுப் போக்குவரத்து இல்லாத ஒரு மூடிய சாலையில், இரவு நேரத்தில், ஓட்டுநர்களைக் கார் ஓட்டச் செய்து, வழியில் வெவ்வேறு உடையணிந்த மிதிவண்டிக்காரர்களை நிறுத்தினர். 2012-இல் வெளியான அதன் முடிவுகள் சிந்திக்கத் தக்கவை. கறுப்பு உடை அணிந்தவர்களை நூற்றுக்கு 2 முறையே ஓட்டுநர்கள் அடையாளம் கண்டனர். பகலில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு மஞ்சள் மேற்சட்டை அணிந்தவர்களை நூற்றுக்கு 15 முறை மட்டுமே கண்டனர். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் தைத்த மேற்சட்டையோடு சென்றவர்களை நூற்றுக்கு 50 முறை கண்டனர். அதே மேற்சட்டையோடு கணுக்காலிலும் முழங்காலிலும் அத்தகைய பட்டைகளைக் கட்டியவர்களையோ நூற்றுக்கு 90 முறை கண்டுகொண்டனர்.

மஞ்சள் சட்டை ஏன் தோற்றது? அதன் பளபளப்பு கதிரவன் ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களால் உண்டாவது. இரவில் அக்கதிர்கள் இல்லை. கணுக்காலில் கட்டிய பட்டை ஏன் வென்றது? பெடலோடு சேர்ந்து அது மேலும் கீழும் அசைகின்றது. அந்த அசைவைக் கண்டதும், “இது கம்பமும் அல்ல, கல்லும் அல்ல, உயிருள்ள ஒரு மனிதன்” என்று மூளை கணத்தில் உணர்ந்துகொள்கின்றது. இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு துணிப்பட்டை ஆற்றும் அருஞ்செயல் இது!

சிமிட்டும் விளக்கின் சிறப்பு

அசைவது கண்ணை இழுக்கும் என்றால், மின்னி மின்னி அணையும் விளக்கும் கண்ணை இழுக்கும் அன்றோ? இது நம் கடற்கரை மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. மணப்பாட்டிலும் மற்றக் கடலோர ஊர்களிலும் இரவில் மீன்பிடித்துத் திரும்புவோர், கரையில் தெரியும் ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே கலங்கரை விளக்கைத் தவறாமல் கண்டுகொள்வது எங்ஙனம்? உலகெங்கும் கலங்கரை விளக்கங்கள் குறித்த கால இடைவெளியில் ஒளிர்ந்து மறைகின்றன. அதனாலேயே அவை மற்ற விளக்குகளினின்று தனித்துத் தெரிகின்றன. வயலோரத்து மின்மினியும் தன் துணைக்குத் தன்னை அறிவிக்க இதே வழியைத்தான் கையாள்கின்றது.

நம் கண்ணின் அமைப்பே இதற்குக் காரணம். கண்ணின் நடுப்பகுதி நுணுக்கமான உருவங்களைப் பார்ப்பதற்கு ஏற்றது. ஓரப்பகுதியோ உருவங்களைத் தெளிவாகக் காட்டாவிடினும், ஏதேனும் மாறினால் உடனே உணர்ந்துகொள்கின்றது. மாறாத ஒன்றை அது நாளடைவில் மறந்தும்விடுகின்றது. ஒரு புள்ளியை உற்று நோக்கிக்கொண்டிருந்தால், ஓரத்தில் அசையாமல் இருப்பவை மெல்ல மங்கி மறைவதை, சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே எழுதி வைத்தார். ஓட்டுநர் எதிரே வரும் வண்டியைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, இடப்புற ஓரத்தில் விட்டு விட்டு ஒளிரும் ஒரு சிவப்புப் புள்ளி, “இங்கே பாருங்கள்” என்று அவர் தோளைத் தட்டுவது போலாகின்றது.

முன்பெல்லாம் இத்தகைய விளக்கிற்குப் பெரிய பேட்டரி தேவைப்பட்டது. மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகள் இக்குறையைத் தீர்த்துவிட்டன. இவற்றுள் நீல ஒளி தருவதை உருவாக்கிய ஜப்பானிய அறிவியலார் மூவர்க்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. வெள்ளை எல்.இ.டி. பிறந்ததும் அதன் வழியாகவே. சிமிட்டும்போது விளக்கு பாதி நேரம் அணைந்திருப்பதால் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கின்றது.

இதனால் உண்மையில் விபத்துக் குறைகின்றதா? டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரில் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. 3,845 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் 1,845 பேருடைய மிதிவண்டிகளில் இரவும் பகலும் எரியும் சிறு விளக்குகள் பொருத்தப்பட்டன. சக்கரக் கம்பியில் கட்டிய காந்தம், விளக்கில் உள்ள கம்பிச் சுருளைக் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் உண்டாக்கும். பேட்டரியும் வேண்டாம், டயரில் உரசுவதும் வேண்டாம். எஞ்சிய 2,000 பேர் வழக்கம்போல் ஓட்டினர். ஓராண்டு முடிவில், விளக்குப் பொருத்தியவர்கள் காயமுற்ற விபத்துகள் நூற்றுக்கு 19 விழுக்காடு குறைவாக இருந்தன. யாருடைய வண்டியில் விளக்கு உள்ளது என்பது அவரவர்க்கே தெரியுமாதலால், அவர்கள் விபத்தைத் தெரிவித்த முறையில் சிறிது வேறுபாடு இருந்திருக்கலாம். ஆயினும் இவ்வளவு சிறிய பொருளால் இவ்வளவு பயன் என்பது வியப்பிற்குரியதே.

சிமிட்டினால் மட்டும் போதுமா?

எல்லா நாட்டினரும் சிமிட்டும் விளக்கை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் மிதிவண்டி விளக்கு நிலையாக எரிய வேண்டும் என்பதே சட்டம். பிரிட்டனோ 2005-இல் சட்டத்தைத் திருத்தி, நிமிடத்திற்கு 60 முதல் 240 முறை வரை சிமிட்டும் விளக்குகளை அனுமதித்தது. மிதிவண்டிப் பழக்கத்தில் முதிர்ந்த நாடுகளே இவ்வாறு வேறுபடுவது ஏன்?

சிமிட்டும் விளக்கு, “இங்கே ஒருவர் இருக்கின்றார்” என்பதை விரைவில் சொல்லிவிடும். ஆனால் “அவர் எவ்வளவு தொலைவில் இருக்கின்றார், எந்தப் பக்கம் நகர்கின்றார்” என்பதைச் சொல்ல அது தடுமாறும். ஒளி அணைந்திருக்கும் நேரத்தில் ஓட்டுநரின் கண் அதைத் தொடர முடிவதில்லை. நிலையாக எரியும் விளக்கோ விரைவில் கவனத்தை ஈர்க்காவிடினும், தொலைவையும் திசையையும் தெளிவாகக் காட்டும். ஒன்று அழைக்கின்றது, மற்றொன்று விளக்கிச் சொல்கின்றது. இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது. பின்புறம் ஒரு சிமிட்டும் சிவப்பு விளக்கும், நிலையாக எரியும் சிவப்பு விளக்கு ஒன்றும் இருந்தால் குறையில்லை. ஒரே விளக்குத்தான் வாங்க முடியும் எனில், அணையாமல் எரிந்துகொண்டே இடையிடையே பிரகாசம் கூடும் வகையைத் தேர்ந்துகொள்ளலாம். தெருவிளக்கே இல்லாத கிராமச் சாலையில் நிலையான ஒளியும், பல விளக்குகள் கண்ணைக் குழப்பும் வண்ணாரப்பேட்டை, சந்திப்பு போன்ற நகர்ப்பகுதிகளில் சிமிட்டும் ஒளியும் கூடுதலாகப் பயன் தரும்.

முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு என்னும் முறையை ஒருநாளும் மாற்றலாகாது. வெள்ளையைக் கண்டால் “எதிரே வருகின்றது” என்றும், சிவப்பைக் கண்டால் “நமக்கு முன்னே அதே திசையில் செல்கின்றது” என்றும் ஓட்டுநரின் மனம் முடிவு செய்கின்றது. அலங்காரத்திற்காகப் பல வண்ண விளக்குகளை முன்னும் பின்னும் மாற்றிப் பொருத்துவது அம்முடிவைக் குழப்பிவிடும். முன்விளக்கைச் சற்றுத் தாழ்த்திச் சாலையை நோக்கி வைக்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்கு நமக்கும் பகையே.

கடமை யாருடையது?

“மோதாமல் ஓட்டுவது காரோட்டியின் கடமை, ஏழையான மிதிவண்டிக்காரன் ஏன் விளக்கு வாங்க வேண்டும்?” என்று கேட்பது நியாயமான கேள்வியே. பிரிட்டனில் மிதிவண்டியாளர் சங்கத்தினர், பின்விளக்கைக் கட்டாயமாக்குவதை இக்காரணம் காட்டியே நெடுங்காலம் எதிர்த்து வந்தனர். தன் முகப்பு விளக்கின் ஒளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் ஒருவன் ஓட்டினால், குற்றம் அவனுடையது என்பது அவர்களது வாதம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இருட்டடிப்பின்போதுதான் அங்கே பின்விளக்கு கட்டாயமாயிற்று.

அவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது. அதை மோட்டார் வாகனம் வைத்திருக்கும் நம் வாசகர்கள் நெஞ்சில் கொள்ள வேண்டும். எதிரே மிதிவண்டி வந்தாலும், லாரி வந்தால் தாழ்த்துவது போலவே விளக்கைத் தாழ்த்துங்கள். ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள். மிதிவண்டியைக் கடக்கையில் ஓர் ஆள் விழுந்தாலும் படாத அளவு இடம் விடுங்கள். கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர் வண்டிகளை விளக்கின்றிச் சாலையோரம் நிறுத்தாதீர்கள்.

ஆயினும் நியாயம் நம் பக்கம் இருப்பது மட்டும் நம்மை வீடு கொண்டு வந்து சேர்த்துவிடாது. வழக்கில் வென்று வாழ்வில் தோற்பதால் குடும்பத்திற்கு என்ன பயன்? தன்னைக் காட்டிக்கொள்வது, பின்னால் வரும் ஓட்டுநருக்கு நாம் செய்யும் உதவியுமாகும். அறியாமல் ஓர் உயிரைப் பறித்துவிட்ட துயரத்தை வாழ்நாளெல்லாம் சுமக்கும் நிலையினின்று அவரையும் அச்சிறு விளக்கு காக்கின்றது.

இல்லத்தில் செய்யத் தக்கவை

நம் வீட்டு மிதிவண்டிகளை இந்த வாரமே ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். பெற்றோர் ஒருவர் இரவில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஐம்பது அடி பின்னால் சென்று, டார்ச் விளக்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்து அதன் மீது அடித்துப் பார்க்கட்டும். சிவப்பு வில்லை பளிச்சென்று தெரிகின்றதா? இல்லையெனில் அதில் அழுக்குப் படிந்திருக்கலாம்; ஈரத்துணியால் துடைத்தாலே போதும். உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். மிதிவண்டி எதிரொளிப்பான்களுக்கு இந்திய அரசு 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்துள்ளது. வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்து வாங்குவது நலம். பெடல்களில் உள்ள மஞ்சள் வில்லைகளும், சக்கரக் கம்பிகளுக்கிடையே உள்ள வில்லைகளும் வெறும் அழகுக்காக வைத்தவை அல்ல. பெடல் வில்லை பின்னால் வருபவருக்கும், சக்கர வில்லை பக்கவாட்டில் வருபவருக்கும் நம்மைக் காட்டுகின்றன.

வில்லை மட்டும் போதாது. பிறருடைய விளக்கு அதன் மேல் பட்டால்தான் அது ஒளிரும். ஒற்றை விளக்கோடு வரும் பழைய வாகனத்திற்கும், வளைவில் திரும்பி வரும் வாகனத்திற்கும் அது தெரியாமற்போகலாம். ஆதலின் தானே ஒளிரும் பின்விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரணமான எல்.இ.டி. பின்விளக்கு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றது. அதை எங்கே பொருத்துவது என்பதும் முக்கியம். இருக்கைக்குக் கீழே பொருத்தினால், சட்டையின் தொங்கலும் சேலைத் தலைப்பும் மறைத்துவிடும். கேரியரில் பால்கேனும் புல்லுக்கட்டும் வாழைத்தாரும் ஏற்றுபவர்கள், மட்கார்டின் கடைசியிலோ கேரியரின் பின் விளிம்பிலோ பொருத்த வேண்டும். சுமை ஏற்றிய பின் வண்டியின் பின்னால் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்ல பழக்கம்.

பிள்ளைகளின் புத்தகப் பையில் ஒளி திருப்பும் ஒட்டுப்பட்டையை ஒட்டலாம். தையல் தெரிந்த தாய்மார், கணுக்காலில் கட்டும் இரு பட்டைகளை அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம். அவை கால்சட்டை சங்கிலியில் சிக்காமலும் காக்கும். பேட்டரி மங்குவது ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்னால் இருப்பதை அவர் பார்ப்பதில்லை அல்லவா? ஆகவே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விளக்கைச் சோதிப்பதென்று குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பங்குகளும் இதில் கைகொடுக்க முடியும். உவரிக்கும் வேளாங்கண்ணிக்கும் இரவில் நடந்து செல்லும் திருப்பயணக் கூட்டங்களில், கடைசியாக நடப்பவர் கையில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கட்டும். பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களுக்கு ஒளிரும் ஒட்டுவில்லைகள் வழங்கும் நல்வழக்கம் இருப்பதை நாம் அறிவோம், நாமும் பின்பற்றலாம். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு மிதிவண்டியில் வீடு திரும்பும் குடும்பங்கள் நம் கிராமப் பங்குகளில் இன்றும் உண்டு. இல்லம் தோறும் விண்மீன் விளக்குத் தொங்கவிடும் அந்நாட்களில், இளைஞர் இயக்கத்தினர் ஏழைத் தொழிலாளர் சிலரது மிதிவண்டிகளுக்குப் பின்விளக்குப் பொருத்திக் கொடுத்தால், அது நெடுநாள் எரியும் அலங்காரமாக அமையும்.

விடியற்காலை நாலு மணிக்கு நம் வீட்டிற்குப் பால் கொண்டுவருபவரின் வண்டியில் விளக்கு உள்ளதா? நாளை அவர் வரும்போது வாசலில் நின்று ஒருமுறை பாருங்கள். இல்லையெனில், அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவர் திரும்பிச் செல்கையில் அந்தச் சிவப்பு ஒளி தெருக்கோடி வரை தெரியும். நமக்குத் தெரிவது போலவே, அவருக்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்கும் அது தெரியும்.